நான் போட்ட இரண்டு

காலை எட்டரை மணிக்கு பாபு எங்கள் மாமாவின் குட்டி யானை லோடு வண்டியைக் கொண்டுபோய்ப் புது அடுக்குமாடியின் மதிலில் முட்டினான். ஏற்றியிருந்த தண்ணீர் கேன்கள் உருண்டு உடைந்து, கோவில்பதாகையில் எங்கள் தெரு முழுக்க மினரல் வாட்டரில் குளித்தது. பாபுவுக்கு நெற்றியில் காயம், மதிலில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அவன் பதினைந்து வருடம் லாரி ஓட்டியவன். அக்கா கணவர் மணவாளன் மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அன்று ஒரு நாள் மட்டும் ஓட்ட வந்திருந்தான்.

"நேரா கீற ரோட்ல எப்புட்றா போய் முட்டுவ? காலைலயே ஊத்திக்கினியா?" என்று மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டே கத்தினார்.

"இல்ல அண்ணாத்தே, வண்டி லெப்ட்ல இஸ்துகினு போவுது. புடிச்சிப் பாத்தேன், நிக்கல."

"பத்து வருசமா ஓட்றேன், எனக்கு இஸ்க்காத வண்டி உனக்கு மட்டும் இஸ்துதா?"

"அதானே," என்றேன் நான்.

எனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பீர்கள். என் வாய் சும்மா இருக்காது. அதோடு, எதையாவது ஓட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்குத்தான் என்று ஒரு நினைப்பு. நான் விமானப்படையில் விங் கமாண்டர், பெயர் ஹேமநாதன், சோதனை விமானி. புதிதாகச் செய்த விமானத்தையும், பழையதில் எதையாவது மாற்றியதையும் முதலில் ஏறி ஓட்டிப் பார்த்து, மற்றவர்கள் ஓட்டலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன். காதில் சளி இறங்கியதால் இரண்டு வாரம் பறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சுலோசனா அக்கா வீட்டில் மிளகு ரசம் குடித்துக்கொண்டு கிடந்தேன்.

"சாவிய குடு, நான் பாக்குறேன்," என்று ஏறி உட்கார்ந்தேன். நூறடி போவதற்குள் தெரிந்துவிட்டது. வண்டி இடது பக்கம் சாக்கடையைப் பார்த்து இழுத்தது. முட்டியதால் வந்த கோளாறும் இல்லை. முன் டயர் ஒரு பக்கம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது, அது மாதக்கணக்கில் நடந்த வேலை. பாபு சொன்னது உண்மைதான்.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "எறங்கு மச்சான், நான் காட்றேன்," என்று முனகிக்கொண்டே ஏறினார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வெள்ளானூர் ரோடு வரைக்கும் ஓட்டினார். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அவர் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் மதிலுக்கு என்ன கேட்பார் என்று புலம்பிக்கொண்டே ஒற்றைக் கையில் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். ஸ்டியரிங் மூன்று விரல் அளவு வலது பக்கம் திரும்பியே இருந்தது. தோளும் அதற்கேற்ப ஒரு பக்கம் ஏறியிருந்தது.

"மாமா, கைய வுடு."

"வுட்டா எப்புட்றா நேரா போவும்?"

"கொஞ்சம் வுட்டுப் பாரு மாமா."

விட்டார். வண்டி இடது பக்கம் பாய்ந்தது. பதறிப்போய்ப் பிடித்து நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்தார்.

"அட," என்றார். "நான் புடிச்சிக்கினா இருந்தேன்? எனக்கே தெர்ல மச்சான்."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது நாற்பது.

ஏன் நின்றது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனை முடிந்து தரையிறங்கியதும் எங்களோடு யாரும் பேச மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் கொடுப்பவர்கூட வாய் திறக்க மாட்டார். தொடையில் கட்டியிருக்கும் அட்டையில் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை எழுதிய பிறகுதான் பேச்சு. மற்றவர் பேச்சு அந்த எண்ணை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக அப்படி. எண் கேட்பது ஒன்றைத்தான்: அந்த விமானத்தைச் சொன்னபடி நடக்க வைக்க விமானி எவ்வளவு பாடுபட்டார்? பத்து என்றால் கட்டுக்கே அடங்கவில்லை. இரண்டு என்றால் பாடே இல்லை, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

தரையிறங்கும் கட்டுப்பாடுகளை மாற்றியமைத்த ஒரு பயிற்சி விமானத்தை நான் பதினோரு தடவை ஓட்டி, இரண்டு என்று எழுதிக் கொடுத்திருந்தேன். என் எண்ணை நம்பித்தான், சோதனை விமானி அல்லாத ஒருவர் முதல் தடவையாக அன்று பத்து மணிக்கு அதில் ஏறுவதாக இருந்தது. ஸ்குவாட்ரன் லீடர் ஸ்வாதி. மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பவள், முப்பத்தோரு வயது. பின் இருக்கையில் ஆளுக்குப் பதில் பதிவுப் பெட்டிகள் இருப்பதால் தனியாகத்தான் போக வேண்டும். முந்தின நாள் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: "சார், நீங்க ரெண்டு போட்டிருக்கீங்க. கவலையில்லாம தூங்கப் போறேன்." நான் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

முதல் இரண்டு தடவை தரைக்குப் பக்கத்தில் வரும்போது விமானத்தின் மூக்கு கொஞ்சம் மேலே எழும்பியது எனக்கு ஞாபகம் இருந்தது. அப்புறம் அது நின்றுவிட்டது. மாற்றியதெல்லாம் படிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். விமானம் என்ன பலகாரமா, ஊறிப் படிவதற்கு? அது எழும்பிக்கொண்டேதான் இருந்திருக்கும். என் கை அதை அமுக்கப் பழகியிருக்கும். கடைசி நொடியில் என் கை என்ன செய்தது என்று யோசித்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பதினோரு தரையிறக்கத்தில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை.

உடனே போன் செய்தேன் என்று சொல்லத்தான் ஆசை. செய்யவில்லை. வண்டியை வீட்டு வாசலில் விட்டதும் அக்கா டீ கொடுத்தாள், நின்று குடித்தேன். அந்த வருடக் கடைசியில் புத்தம் புது விமானம் ஒன்று முதல் தடவையாகத் தரையை விட்டு எழும்பப் போகிறது. அதை ஓட்டப் போவது யார் என்ற பட்டியல் அந்த வாரம்தான் மேலே போயிருந்தது, முதல் பெயர் என்னுடையது. எங்கள் தொழிலில் பெரும்பாலானவர்களுக்கு அந்த வாய்ப்பு வராமலேயே ஓய்வு வந்துவிடும். கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறலாம், விதி இருக்கிறது. ஆனால் மறுநாள் காலைக் கூட்டத்தில் அதைப் பெயரோடு உரக்க வாசிப்பார்கள். பதினோரு வருடத்தில் ஒரே ஒருவர் பெயரை அப்படி வாசித்துக் கேட்டிருக்கிறேன். அவர் இப்போது எங்கோ கோப்பு பார்க்கிறார்.

ஒருவேளை எல்லாம் என் கற்பனையாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீ டம்ளர் காலியான பிறகும் கையிலேயே வைத்திருந்தேன். பத்து நிமிடம் அப்படிப் போனது. அந்தப் பத்து நிமிடத்துக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மொட்டை மாடிக்கு ஓடி, எங்கள் சோதனை நிலையத்தின் தரைவழி எண்ணுக்கு அடித்தேன். கைப்பேசிகளை எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் அந்த ஒரு போன்தான் வழி. பணியில் இருந்த எழுத்தர் எடுத்தார்.

"சார், விமானம் ஓடுபாதைக்கு வந்திடுச்சு. எண்ணைத் திரும்பப் பெறுறீங்களா சார்? பெறுறேன்னு சொன்னா உடனே நிறுத்திடலாம்."

விமானம் கிளம்பும் நேரத்தில் எண் கொடுத்தவர் அழைத்தால், விதிப்படி அவர் கேட்க வேண்டிய கேள்வி அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அதெல்லாம் இல்ல," என்றேன். "ஜேம்ஸ் சார்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

குரூப் கேப்டன் ஜேம்ஸ் எங்கள் சோதனை இயக்குநர். நாகர்கோவில்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். அவர் வந்து போனை எடுக்க நான்கு நிமிடம் ஆனது. அதற்குள் ஸ்வாதி எழும்பிவிட்டாள்.

"சொல்லுங்க ஹேம். காது எப்படி இருக்கு?"

"சார், என் எண்ணைத் திரும்பப் பெறுறேன்."

எதிர்ப்பக்கம் கதவு சாத்தும் சத்தம்.

"எதுக்கு?"

"அது ரெண்டு இல்ல சார். தரைக்கிட்ட மூக்கு எழும்புது, நான் தெரியாமலே சரி பண்ணியிருக்கேன். அவ வழக்கமா ஸ்டிக்கை இழுக்கிற மாதிரி இழுத்தா மூக்கு மேலயும் கீழயுமா ஆடும். வாலு தரையில அடிச்சிடும், இல்ல அதைவிட மோசமா முடியும்."

"அவ மேல இருக்கா ஹேம். இன்னும் அம்பது நிமிஷத்துக்கு எரிபொருள் இருக்கு." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "சரி. நீங்க என்ன பண்ணி சரி பண்ணீங்க? அதைச் சொல்லுங்க, அவகிட்ட சொல்றேன்."

"தெரியல சார்."

"என்னது?"

"எனக்குத் தெரியல. கை தானா பண்ணியிருக்கு."

அவள் குதிக்கலாம். இருக்கையோடு வெளியே எறியும் ஏற்பாடு இருக்கிறது. அதில் முதுகெலும்பு தப்பித்தால் அதிர்ஷ்டம், தப்பிக்காமல் சக்கர நாற்காலிக்குப் போனவர் ஒருவரை நான் வருடா வருடம் போய்ப் பார்க்கிறேன். எரிபொருள் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது குதிக்கச் சொல்லி உத்தரவிடுவேன் என்றார் ஜேம்ஸ். அதுவரைக்கும் நேரம் என் கையில்.

மாடியில் மாமா கேன் கழுவும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. கொடிக் கம்பத்துக்கு வைத்திருந்த பிவிசி குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து குழாயை இரண்டு கால்களுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்தேன். இது விளையாட்டு இல்லை. எல்லா விமானிகளும் அறையைச் சாத்திக்கொண்டு செய்கிற பயிற்சிதான், வலது கையில் விமானத்தை ஏற்றி இறக்கும் ஸ்டிக்காக ஏதோ ஒன்று, இடது கையில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியாக ஏதோ ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பயணத்தையும் ஓட்டிப் பார்ப்பது. இடது கைக்கு ஒரு கேன் மூடியைத் தொடையில் வைத்துக்கொண்டேன். நான் கத்திக் கூப்பிட்டதும் அக்காவும் மாமாவும் மேலே வந்தார்கள். மாமாவை ஸ்பீக்கரில் போனைப் பிடிக்கச் சொன்னேன். அக்காவை எதிரில் உட்கார வைத்தேன்.

"அக்கா, என் மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு. அது இன்னா பண்ணுதோ அப்படியே சொல்லு."

"யாருக்குடா இன்னா ஆச்சு?"

"ஒரு பொண்ணு மேல கீது. நான் தப்பா சொல்லிட்டேன். எறங்கத் தெரியாம மாட்டிக்கினு கீது."

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் முழங்காலுக்கு நேராகக் குந்தினாள்.

ஜேம்ஸ் போனில் உயரத்தைச் சொன்னார், காக்பிட்டில் குரல் வருகிற மாதிரியே. "நூறு அடி. அம்பது. முப்பது. இருபது. பத்து." நான் கண்ணை மூடிக்கொண்டு இறக்கினேன்.

"மெதுவா உன் பக்கம் இஸ்துக்கினு வந்த. அவ்ளோதான்," என்றாள் அக்கா.

அது பாடப்புத்தகம். நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. மறுபடி செய்தேன், மறுபடி அதேதான். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கை நல்ல பிள்ளையாகிவிட்டது. நான்கு தடவை ஆயிற்று. வெயில் ஏறிக் குழாய் வியர்வையில் வழுக்கியது. மணி பத்து இருபது.

"இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு ஹேம்," என்றார் ஜேம்ஸ்.

மாமாதான் முதலில் சொன்னார். "மச்சான், நான் கூட கையவே பாத்துக்கினு ஓட்னா கோணலா ஓட்றேன். பேசிக்கினே ஓட்டு. அப்பதான் கை அது பாட்டுக்கு வேலை செய்யும்."

"இன்னா பேசறது?" என்றேன்.

"நான் பேசறேன்," என்றாள் அக்கா. "நீ எறக்கு."

"நூறு அடி," என்றார் ஜேம்ஸ்.

"அம்மா செத்தப்ப எத்தினி நாளு இருந்த நீ?"

"அக்கா, இப்ப எதுக்கு..."

"சொல்றா. எத்தினி நாளு?"

"மூணு நாளு."

"அம்பது."

"காரியத்துக்கு இருந்தியா? ஒத்த ஆம்பள புள்ள. பதினாறாம் நாளு ஊடே உன்னத்தான் கேட்டுது. ஏரோப்ளேன் ஓட்டப் போய்ட்டான்னு சொல்லிக்கினு இருந்தேன் நான்."

"எனக்கு சோதனை இருந்திச்சு! நான் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது, புரியாம பேசாத..."

"முப்பது. இருபது."

"ஒண்ணியும் நடக்காதா? நீ இல்லாம இங்க எல்லாம் நடந்திச்சிடா. மாமாதான் கொள்ளி வெச்சவன் எடத்துல நின்னுச்சி."

"பத்து."

"நான் அழுவலன்னு நென்ச்சியா?" என்று கத்திவிட்டேன். குரல் உடைந்துவிட்டது. அம்மா போனதற்கு அதுவரை நான் யார் முன்னாலும் அழுததில்லை.

"தள்ளுன!" அக்கா என் முழங்காலில் அடித்தாள். "தள்ளுனடா! இருவதுன்னு சொன்னப்பால, இஸ்க்கறதுக்கு மின்னாடி, ரெண்டு தபா முன்னால தள்ளுன. சின்னதா. டக்கு டக்குனு."

"நிச்சயமா?"

"உப்பு போடறா மாரி சின்னதா. அப்பால கைய அசைக்காம வெச்சிக்கினு இருந்த. அந்த மூடி கீதே, எடது கையி, அத கடசி வரைக்கும் பின்னால வுடவே இல்ல."

மூன்று விஷயம். இருபது அடிக்குக் கீழே மூக்கு எழும்பத் தொடங்கும்போது முன்னால் இரண்டு சின்னத் தட்டு. பிறகு ஸ்டிக்கை அசைக்காமல் வைப்பது. சக்கரம் தரையைத் தொடும் வரை வேகத்தைக் குறைக்காமல் வைப்பது. புத்தகத்தில் இருப்பதற்கு மூன்றும் நேர் எதிர். ஜேம்ஸ் அதற்குள் என் பழைய பதிவுகளைத் திறக்கச் சொல்லியிருந்தார்.

"இருக்கு ஹேம். பதினோரு தடவையும் பதினஞ்சு அடியில பதிவுக் கோட்டுல ரெண்டு பல்லு மாதிரி இருக்கு. நீங்க ரெண்டுன்னு போட்டதால காத்து ஆட்டினதுன்னு குறிச்சு வச்சிருக்காங்க பசங்க." போனைக் கீழே வைக்காமலே வானொலியில் ஆங்கிலத்தில் ஸ்வாதியிடம் சொல்லத் தொடங்கினார். அவள் பதில் எனக்குக் கேட்கவில்லை.

பத்து முப்பத்தொன்றுக்கு முதல் தடவை இறங்க வந்தாள். ஜேம்ஸ் போனை மேஜைமேல் வைத்துவிட்டிருந்தார். அறையில் யாரோ உயரம் சொல்வது மட்டும் கேட்டது. முப்பது. இருபது. பதினைந்து. அதற்கப்புறம் யாரோ "மேல போ, மேல போ" என்று கத்தினார்கள். நாற்காலி தள்ளிவிழும் சத்தம்.

என் வலது கை தன் பாட்டுக்குக் குழாயை இறுக்கிப் பிடித்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது, ஐந்நூறு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் மொட்டை மாடியில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்த பயத்தை வேறு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. அப்பட்டமான பயம். விமானத்தில் எனக்கு அப்படி வந்ததே இல்லை.

"போய்ட்டா ஹேம், மேல போய்ட்டா," என்று ஜேம்ஸ் போனை எடுத்தார். "ஒரு தட்டுதான் தட்டினா, ரெண்டாவதுக்குள்ள கை இழுத்துடுச்சு. மூக்கு மூணு தடவை ஆடுச்சு. கையை நிறுத்திட்டு மேல போய்ட்டா. நல்ல பொண்ணு."

"இன்னும் ஒரு தடவைக்கு எரிபொருள் இருக்கா சார்?"

"ஒண்ணே ஒண்ணுக்கு. அதுக்கப்புறம் குதிக்கச் சொல்வேன். வேற ஏதாவது சொல்லணுமா அவகிட்ட?"

அக்காவைப் பார்த்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசச் சொல்லுங்க சார்," என்றேன். "நீங்க அவகூடப் பேசிக்கிட்டே இருங்க. உயரம் சொல்றதோட நிறுத்தாதீங்க. கையைப் பத்தி மட்டும் பேசாதீங்க."

ஜேம்ஸ் பேசினார். அவர் வாழ்க்கையில் பேசிய மிக விசித்திரமான வானொலிப் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். ஸ்வாதியின் மாணவர்களில் மிக மோசமானவன் யார், முதல் தனிப் பயணத்தில் அவன் என்ன உளறினான் என்று கேட்டார். இடையிடையே வேறொரு குரல் உயரம் சொன்னது. ஐம்பது. அவள் ஏதோ சொன்னாள் போலும், ஜேம்ஸ் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. முப்பது. இருபது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அந்த அறையே கைதட்டியது.

"எறங்கிட்டாளா?" என்றாள் அக்கா.

"எறங்கிட்டாக்கா."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா நாற்காலிக்குப் பின்னால் நின்று என் தலையில் கை வைத்தார். நான் குழாயை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், விரல்கள் பிரியவில்லை. மாமாதான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

போனை வைக்கவில்லை. அவள் விமானத்தை நிறுத்தி, இறங்கி, நடந்து வரவேண்டும். யாரும் பேச மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது நிமிடம் கழித்து ஜேம்ஸ் வந்தார்.

"எட்டு போட்டிருக்கா," என்றார்.

எட்டு. நான் இரண்டு போட்ட விமானம். என் எண்ணை இன்னொருவர் பொய்யாக்கியதற்கு நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அவள் எட்டு போட உயிரோடு வந்திருக்கிறாள். வராமல் போயிருந்தால் விசாரணைக் குழு உட்கார்ந்திருக்கும். சோதனை விமானி என்ற முறையில் அதில் நானும் இருந்திருப்பேன். இரண்டு என்று எண் கொடுத்த விமானத்தைத் தரையில் மோதியது விமானியின் தவறு என்று எழுதி, மனசாட்சி உறுத்தாமல் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

"நாளைக் காலைக் கூட்டத்துல வாசிக்கணும்," என்றார் ஜேம்ஸ். "நானே வாசிச்சிடறேன், நீங்க வர வேண்டாம்."

"ரயில்லயாவது வந்துடறேன் சார். நானே வாசிக்கிறேன்."

"புது விமானத்துக்கு உங்க பேர் போகாது ஹேம். தெரியும்ல?"

"தெரியும் சார்." பதினோரு வருடம் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அவர் போனை வைக்கவில்லை.

"ஹேம், ஒண்ணு கேக்கறேன். இது ஒண்ணுதானா?"

என்ன கேட்கிறார் என்று உடனே புரிந்தது. நான் எண் கொடுத்த மற்ற விமானங்கள் இப்போது நாடு முழுக்கப் பறந்துகொண்டிருக்கின்றன, என் கை இல்லாத பையன்களையும் பெண்களையும் சுமந்துகொண்டு. அவற்றில் எத்தனை நல்ல விமானம், எத்தனை என் நல்ல கை?

"தெரியல சார்," என்றேன், அன்றைக்கு இரண்டாவது தடவையாக.

கீழே இறங்கினேன். வாசலில் பாபு நெற்றியில் பஞ்சோடு குந்தியிருந்தான். அடுக்குமாடிச் செயலாளர் அவன் எதிரில் நின்று, ஓட்டத் தெரியாதவனை எல்லாம் வண்டியில் ஏற்றினால் இப்படித்தான் என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார்," என்றேன் அவரிடம், கொஞ்சம் சத்தமாகவே. "வண்டி கோளாறு. இவர் மேல ஒரு தப்பும் இல்ல. காலைல நானும் தெரியாம பேசிட்டேன். யார் கேட்டாலும் நான் சொல்றேன்." பாபு என்னை நம்பாத மாதிரி பார்த்தான். பக்கத்தில் வந்து நின்ற மாமா தலையைக் குனிந்துகொண்டு, "பாபு, உள்ள வந்து எதுனா துன்னுட்டுப் போடா," என்றார்.

என் பெட்டியிலிருந்து நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்ப மாடிக்குப் போனேன். அக்கா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நோட்டின் முதல் பக்கத்தில் என் முதல் வருடத்து முதல் விமானத்தின் பெயரை எழுதினேன். நாற்காலியில் உட்கார்ந்து குழாயைக் கால்களுக்கு நடுவில் வைத்தேன்.

"அக்கா, இன்னொரு தபா பாக்கறியா? இது வேற விமானம்."

"எத்தினி கீது?"

"நூத்தி நாப்பது. ராத்திரி ரயிலு. அதுக்குள்ள முடிஞ்ச வரைக்கும் பாக்கலாம், மிச்சத்த ஞாயித்துக்கெளம வந்து பாக்கறேன்."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் வலது கைக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, ஓட்டு," என்றாள். "ஆனா இந்த தபா பதினாறாம் நாளப் பத்தி முழுசா பேசிடுவேன்."